ஓரம் கட்டிய லாரி

1931-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 27, வியாழக்கிழமை, மாலை நான்கு மணிக்கு நாகப்பட்டினம் கப்பல் பினாங்கு சுவெட்டன்ஹாம் துறையிலிருந்து புறப்படும் என்று அறிவிக்கப்பட்டிருந்தது. ரப்பர் விலை விழுந்து வேலை போன தோட்டத் தொழிலாளர் அறுநூற்றுப் பதினான்கு பேர் அதில் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட இருந்தார்கள்.

அந்தப் பட்டியலில் இருந்த நல்லம்மாள் அன்று காலை ஆறரை மணிக்கு, கெடாவில் கூலிம் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றின் ஆஸ்பத்திரி வாசலில் துணி மூட்டையோடு நின்றுகொண்டிருந்தாள். அவள் புருஷன் வேலுவும் ஐந்து வயது மகள் பவுனும் இரண்டு நாளுக்கு முன்பே மற்றக் குடும்பங்களோடு ரயிலேறி, கப்பலுக்குக் காத்திருப்பவர்களைத் தங்கவைக்கும் பினாங்கு டிப்போவுக்குப் போய்விட்டார்கள். அப்போது அவளுக்கு மலேரியாக் காய்ச்சல் உச்சத்தில் இருந்தது; ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொள்ளும் டிரெசர் எழுந்திருக்கவே விடவில்லை. வேலு தானும் இருந்துவிட்டுப் பிறகு வருவதாகக் கேட்டுப் பார்த்தான். குடியிருந்த லயத்து வீட்டுக்குப் பூட்டுப் போட்டாயிற்று, பெயரும் கப்பலுக்குப் போயாயிற்று என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். புதன்கிழமை மாலை காய்ச்சல் இறங்கியது. ஆபீசின் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி அவளைத் தோட்டத்து லாரியில் அனுப்பிவிடுவது என்று முடிவு செய்தார். ஒரு குடும்பத்தை இரண்டு கப்பலில் அனுப்பினால் இரண்டு தடவை காகிதம் எழுத வேண்டும் என்பது அவர் கவலை.

நல்லம்மாளின் கவலை வேறு. அவள் பிறந்ததே அந்தத் தோட்டத்தில்தான். இந்தியா எந்தத் திசையில் இருக்கிறதென்றுகூட அவளுக்குத் தெரியாது. வேலுவின் ஊர்ப் பெயர் தெரியும். நாகப்பட்டினத்தில் இறங்கி அந்த ஊருக்கு எப்படிப் போவது, அங்கே யாரைக் கேட்பது என்பதெல்லாம் வேலுவின் தலைக்குள் இருந்தன. இன்றைக்குக் கப்பலைப் பிடித்தால் அவன் பின்னால் நடந்து போய்விடலாம். பிடிக்காவிட்டால் அந்தக் கரையில் தனியாக இறங்கி நிற்க வேண்டும்.

லாரியை ஓட்டியவன் ராமதாஸ். முப்பத்து நான்கு வயது. லாரியில் ஏற்றி இறக்கும் ஆளாக ஆறு வருஷம் இருந்துவிட்டு, மூன்று வருஷமாக டிரைவராக இருந்தான். தோட்டத்துச் சாலையில் எந்த மதகு எந்த மழைக்குப் பெயரும் என்பது அவனுக்கு அத்துபடி. ரப்பர்த் தகடுகளைப் பக்கத்து ரயிலடி வரைக்கும் கொண்டு போவான். அதைத் தாண்டி அவன் லாரி போனதில்லை. பினாங்கை அவன் கண்ணால் பார்த்ததே இல்லை. பெரிய கிராணி ஒரு காகிதத்தைக் கொடுத்து, ஜெலுத்தோங் சாலையில் இருக்கும் டிப்போவில் ஒரு மணிக்குள் ஒப்படைத்துவிடு, ஒன்றரைக்கு எல்லாரையும் துறைக்குக் கூட்டிப் போய்விடுவார்கள் என்றார். வழி கேட்டதற்கு, வாய் இருக்கிறதல்லவா என்றார்.

தோட்டத்தில் வண்டி ஓட்டுவதற்கு ஒரே ஒரு விதிதான் உண்டு. துரையின் கார் எதிரே வந்தாலும் பின்னால் வந்தாலும் லாரி இடப்பக்க ஓரத்தில் புல்லின் மேல் ஏறி நிற்க வேண்டும். இன்ஜினை அணைக்க வேண்டும். டிரைவர் இறங்கித் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, கார் போகும்வரை தலையைத் தாழ்த்தி நிற்க வேண்டும். சைக்கிளில் வருகிறவர்களுக்கும் நடந்து வருகிறவர்களுக்கும் அவரவர்க்குத் தக்கபடி இதே விதிதான். இன்ஜின் சத்தம் காதில் விழக் கூடாது என்பது எப்போதோ இருந்த ஒரு மானேஜரின் உத்தரவு. அவர் சீமைக்குப் போய் ஒன்பது வருஷமாகியும் உத்தரவு போகவில்லை. மூன்று வருஷத்துக்கு முன், ஓரமெல்லாம் சேறாக இருந்த ஒரு மழைநாளில், லாரி புதைந்துவிடும் என்று பயந்து நிறுத்தாமல் போன பழைய டிரைவரை மறுநாள் காலையில் வேலையை விட்டு நீக்கினார்கள். அந்த இடத்துக்குத்தான் ராமதாஸ் வந்தான்.

பட்டர்வொர்த் ஃபெரித் துறைக்கு அவர்கள் ஒன்பதரைக்கே வந்து சேர்ந்தார்கள். வரிசையில் அவர்களுக்கு முன்னால் இரண்டே வண்டிகள். ஃபெரி வந்து பலகையை இறக்கும்போது பின்னால் மூன்று கார்கள் வந்து நின்றன. மூன்றிலும் வெள்ளைக்காரர்கள். ராமதாஸ் ஒரு கணமும் யோசிக்கவில்லை. லாரியைப் பின்னுக்கு எடுத்து, ஓரமாக விட்டு, அணைத்துவிட்டு இறங்கி நின்றான். மூன்று கார்களும் அந்த இடத்தில் ஏறிக்கொண்டன. ஃபெரி நிரம்பிவிட்டது. அவனை யாரும் விலகச் சொல்லவில்லை. விலகியவனைத் தடுக்கவும் இல்லை.

அடுத்த ஃபெரிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அதிலும் ஒரு காருக்கு வழி விட்டான். மூன்றாவதில் ஏறினார்கள். இதில் எதுவுமே நல்லம்மாளுக்கு விநோதமாகப் படவில்லை. அவன் இறங்கி நின்றபோதெல்லாம் அவளும் லாரிக்குள் முக்காட்டை இழுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

பினாங்குக் கரையில் லாரி இறங்கியபோது மணி பன்னிரண்டே கால். பீச் ஸ்ட்ரீட்டில் திரும்பியதும் ராமதாஸுக்குக் கண்ணைக் கட்டியது போலிருந்தது. இரண்டு பக்கமும் மலை மாதிரி கட்டடங்கள். நடுவே ரிக்‌ஷாக்கள், மாட்டு வண்டிகள், மூட்டை ஏற்றிய கைவண்டிகள், இவற்றுக்கிடையே புகுந்து போகும் கார்கள். தோட்டத்துச் சாலையில் எதிரே ஒரு வண்டி வந்தால் அரை மைலுக்கு முன்பே தெரியும். இங்கே எது எங்கிருந்து வருகிறதென்று பார்ப்பதற்குள் அது கடந்து போய்விட்டது. இடது காலில் கிளச்சும் வலது கையில் ஹார்னுமாக அவன் ஊர்ந்தான்.

ஒரு பாங்கின் வாசலைத் தாண்டும்போது எதிரே ஒரு கறுப்புக் கார் வந்தது. பின் சீட்டில் வெள்ளைத் தொப்பி. ராமதாஸின் கைகள் தாமாகவே லாரியை ஓரம் கட்டின. ஓரத்தில் புல் இல்லை, கடைகளுக்கு முன்னால் ஓடும் ஐந்தடி வழி என்கிற நடைபாதை இருந்தது. அதன் விளிம்பில் சக்கரம் இடித்து நின்றது. அணைத்தான், இறங்கினான், நின்றான். கார் போயிற்று. முன்பக்கம் போய் ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினான். நான்காவது சுற்றில் இன்ஜின் பிடித்தது. நூறு கஜம் போவதற்குள் இன்னொரு கார். அதற்கும் நின்றான். அதற்குப் பின்னாலேயே வந்த மூன்றாவது கார் அவனைத் தாண்டும்போது உள்ளேயிருந்த துரை தலையைத் திருப்பி, இவன் எதற்கு இங்கே நிற்கிறான் என்பது போலப் பார்த்தார். அந்தப் பார்வையைக் கோபம் என்று எடுத்துக்கொண்டு ராமதாஸ் இன்னும் குனிந்தான்.

நாலாவது தடவை நின்றபோது அவனுக்குப் பின்னால் ஒரு வரிசையே சேர்ந்துவிட்டது. ஹார்ன்கள் கத்தின. ஒரு சீனக் கைவண்டிக்காரன் ஏதோ திட்டிக்கொண்டே போனான். லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருந்த ஒரு வாடகைக் காரின் டிரைவர் இறங்கி வந்தான். சிவப்புத் துருக்கித் தொப்பியும் சட்டைப் பையில் பேனாவுமாக இருந்த அவன் பெயர் காஜா மொய்தீன் என்பது காரின் கதவிலேயே எழுதியிருந்தது.

“என்ன அண்ணே, வண்டி செத்துப்போச்சா?”

இல்லை, துரை கார் வருகிறது என்றான் ராமதாஸ்.

“எந்த துரை?”

“தெரியலை.”

காஜா மொய்தீன் லாரியின் கதவில் எழுதியிருந்த தோட்டத்துப் பெயரைப் பார்த்தான். உள்ளே முக்காட்டோடு உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தான். சிரிக்க வந்தவன் பாதியில் நிறுத்திக்கொண்டது போலிருந்தது.

“தெரியாத துரைக்கா இறங்கி நிக்கிறீங்க? அண்ணே, பினாங்குலே ஆயிரம் துரை இருக்கான்லா. ஒவ்வொருத்தனுக்கும் இறங்கிச் சலாம் போட்டா நீங்க வர்ற பொங்கலுக்குத்தான் வீடு போய்ச் சேருவீங்க.”

பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள். ராமதாஸ் எங்கே போக வேண்டும் என்பதைச் சொன்னான்; கப்பலையும் சொன்னான். காஜா மொய்தீன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். பன்னிரண்டே முக்கால். பிறகு அவன் பேச்சில் கேலி போய்விட்டது. இந்தத் தெருவிலேயே நேராகப் போ, தலைக்கு மேலே மின்சார டிராலி பஸ்ஸின் இரட்டைக் கம்பி வரும், அதைப் பார்த்துக்கொண்டே போ, கம்பி இடது பக்கம் பிரியும் இடத்தில் திரும்பினால் ஜெலுத்தோங் என்று சொன்னான். நேராகப் போய்விட்டால் ஆறு சாலை கூடும் பெரிய சந்தி வரும், அங்கே மாட்டிக்கொண்டால் வெளியே வருவது கஷ்டம் என்றும் சொன்னான்.

“எவன் வந்தாலும் நிக்காதீங்க. போலீஸ்காரன் கை காட்டினா மட்டும் நில்லுங்க. இங்கே அவன்தான் துரை.”

அவன் சொன்னது ராமதாஸுக்குப் புரிந்தது. ஆனால் நகரத்து வாடகைக் கார்க்காரன் சொல்வதற்கும் தன் வேலைக்கும் என்ன சம்பந்தம் என்றும் தோன்றியது. அந்தக் கார்களில் போகிறவர்களில் யார் எந்தத் தோட்டத்து முதலாளிக்கு வேண்டியவர் என்று இவனுக்குத் தெரியுமா? லாரியின் கதவில் தோட்டத்துப் பெயர் பெரிய எழுத்தில் இருக்கிறது. ஒரு டெலிபோன் போதும். நின்றதற்காக யாரும் வேலை இழந்ததில்லை. நிற்காததற்காக இழந்தவனின் இடத்தில்தான் அவன் உட்கார்ந்திருந்தான்.

இரட்டைக் கம்பி வந்தது. ராமதாஸ் சாலையில் ஒரு கண்ணும் வானத்தில் ஒரு கண்ணுமாக ஓட்டினான். கழுத்து வலித்தது. அரை மைல் ஒழுங்காகப் போயிற்று. அப்போது பின்னாலிருந்து, தோட்டத்துத் துரை காரின் ஹார்ன் போலவே கனமாக ஒரு ஹார்ன் கேட்டது. கண்ணாடியில் வெள்ளைக்கார முகம் ஒன்று தெரிந்தது. ஓரம் கட்டினான், அணைத்தான், இறங்கினான், தலையைத் தாழ்த்தினான். கார் சீறிக்கொண்டு போன பிறகு ஹேண்டிலைச் சுற்றினான். இன்ஜின் சூடேறியிருந்தது; இந்தத் தடவை பதினோரு சுற்று. வியர்வை கண்ணில் இறங்க, ஏறி உட்கார்ந்து நேராக விட்டான். அவன் நின்ற இடத்துக்கு மேலேதான் கம்பி இரண்டாகப் பிரிந்தது. தலையைத் தாழ்த்தி நின்றவனுக்கு அது தெரியவில்லை.

ஆறு சாலைகள் கூடும் சந்தி சட்டென்று எதிரே விரிந்தது. அதன் நடுவே பலகை மேல் ஒரு போலீஸ்காரன் நின்று இரண்டு கைகளையும் மாற்றி மாற்றி வீசிக்கொண்டிருந்தான். எந்தக் கை யாருக்கு என்று ராமதாஸுக்கு விளங்கவில்லை. தலைக்கு மேலே கம்பிகள் சிலந்தி வலை மாதிரி எல்லாப் பக்கமும் போயின. அவன் ஊர்ந்து ஊர்ந்து நடுவுக்கு வந்தபோது வலப்பக்கச் சாலையிலிருந்து ஒரு சிறிய கார் வந்தது. அதை ஓட்டியது ஒரு வெள்ளைக்காரப் பெண். பெண் கார் ஓட்டி அவன் பார்த்ததில்லை. துரைசாணி தானே ஓட்டி வந்தால் இறங்க வேண்டுமா, வேண்டாமா என்பதை யாரும் அவனுக்குச் சொல்லித்தந்ததுமில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று அணைத்துவிட்டு இறங்கினான். சந்தியின் நட்டநடுவில்.

போலீஸ்காரன் பலகையை விட்டு இறங்கி வந்து லாரியின் மூடியில் இரண்டு அறை அறைந்தான். மலாயில் ஏதோ கத்தினான். நம்பரைக் குறித்துக்கொண்டான். ஒரு டிராலி பஸ் அசையாமல் நின்றது, அதிலிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஹேண்டிலைச் சுற்றும்போது ராமதாஸின் கை நழுவி அது மணிக்கட்டில் அடித்தது. கடைசியில் இன்ஜின் பிடித்ததும் போலீஸ்காரன் எந்தச் சாலை பக்கத்தில் இருந்ததோ அதைக் காட்டி, போ என்றான். ராமதாஸ் போனான். அந்த இடத்தை விட்டுத் தொலைந்தால் போதும் என்றிருந்தது.

அந்தச் சாலை நன்றாக இருந்தது. அகலமாக, மரநிழலாக, கூட்டம் குறைவாக. ஒன்றரை மைல் போன பிறகு நல்லம்மாள் வாயைத் திறந்தாள்.

“அண்ணே, கடல் இந்தப் பக்கமா இருக்கு? மலையில்ல பக்கத்துல வருது.”

அவன் நிமிர்ந்து பார்த்தான். கறுத்த பச்சையில் மலை முகத்துக்கு எதிரே எழுந்து நின்றது. சாலையோரம் வாழைப்பழம் விற்ற மலாய்ப் பெண் ஒருத்தியிடம், ஜெலுத்தோங் மானா என்று மலாயில் வழி கேட்டான். அவள் அவன் வந்த வழியைக் கையால் காட்டினாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து வந்து, எங்கே திரும்ப வேண்டும் என்பதை மண்ணில் குச்சியால் கீறியும் காட்டினாள்.

திரும்பி வரும் வழியெல்லாம் எதிர்ப்பட்ட கார்களுக்கு நின்று நின்று, டிப்போவின் கேட்டை அவர்கள் கண்டுபிடித்தபோது மணி மூன்று அடித்து ஐந்து நிமிஷம். உள்ளே நீளமான கொட்டகைகள் காலியாகக் கிடந்தன. ஒருவர் தண்ணீர் ஊற்றித் தரையைக் கழுவிக்கொண்டிருந்தார். காவல்காரர் கமாலுதீன் காகிதத்தை வாங்கிப் படித்தார். எல்லாரும் ஒன்றரைக்கே துறைக்குப் போய்விட்டார்கள் என்றார். ஏணியை எடுக்கும் வரைக்கும் டிப்போ கிராணி துறை வாசலில் பட்டியலோடு நிற்பார், அதற்குள் போனால் ஏற்றிவிடுவார் என்றும் சொன்னார். புறப்படும்போது ஒரு ஆள் கேட்டைப் பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்று நின்றான், கையில் ஒரு பொண்ணு அழுதுகொண்டிருந்தது என்றார்.

“உன் புருஷனாம்மா அது?”

நல்லம்மாள் ஆமென்று தலையை ஆட்டினாள். காய்ச்சல் திரும்பிக்கொண்டிருந்தது. கமாலுதீன் குறுக்குவழி சொன்னார். கடலோரமாகவே போய் பீச் ஸ்ட்ரீட்டில் ஏறி, மணிக்கூண்டு தெரியும் வரை நேராகப் போ. மணிக்கூண்டுக்குப் பக்கத்தில்தான் துறை.

ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு ராமதாஸ் லாரியை எடுத்தான். சிறிது தூரம் போனதும், அவளிடமா தன்னிடமா என்று தெரியாத மாதிரி சொன்னான்:

“இனிமே எவனுக்கும் நிறுத்த மாட்டேன்.”



முதல் கார் எதிரே வந்தது. ஸ்டியரிங்கை இறுகப் பிடித்து நேரே பார்த்தான். கார் போயிற்று. ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது காரில் இரண்டு துரைகள் பேசிச் சிரித்துக்கொண்டு போனார்கள்; லாரியை அவர்கள் பார்க்கவே இல்லை. மூன்றாவது கார் பின்னால் வந்து ஹார்ன் அடித்தது. ராமதாஸ் சற்றே ஒதுங்கினான், ஆனால் நிற்கவில்லை. கார் தாண்டிக்கொண்டு போயிற்று. அவ்வளவுதான். அவனுக்கு நெஞ்சில் ஏதோ கட்டு அவிழ்ந்தது போலிருந்தது. கூடவே, காலையிலிருந்து தான் செய்ததெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்து முகம் எரிந்தது. முதல் ஃபெரியில் போயிருந்தால் பதினோரு மணிக்கே டிப்போவில் இருந்திருக்கலாம். யார் கேட்டார்கள் அவனை ஒதுங்கச் சொல்லி?

பீச் ஸ்ட்ரீட்டில் ஏறும்போது மூன்று முப்பத்தைந்து. மாட்டு வண்டிகள் கிட்டங்கிகளின் வாசலில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்ததால் சாலை பாதியாகக் குறுகிவிட்டிருந்தது. அவன் ஹார்ன் அடித்து, கத்தி, வழி வாங்கி, அங்குலம் அங்குலமாக முன்னேறினான். ஒரு ரிக்‌ஷாவின் சக்கரத்தை உரசினான். நிற்கவில்லை. மூன்றே முக்கால் ஆனபோது தெருவின் கோடியில் மணிக்கூண்டு தெரிந்தது. நல்லம்மாள் மூட்டையை மடியிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டாள்.

அந்தக் கோடியிலிருந்துதான் பச்சைக் கார் வந்தது.

அந்தப் பச்சையை அவன் எங்கே பார்த்தாலும் அடையாளம் கண்டுகொள்வான். வட்டமான இரண்டு பித்தளை விளக்குகள், நடுவில் கெடா நம்பர் பலகை. தோட்டத்துப் பெரிய துரை வியாழக்கிழமைகளில் பினாங்கு பாங்குக்கு வருவார் என்பதை ராமதாஸ் மறந்துவிட்டிருந்தான். நிற்கக் கூடாது என்று அவன் நினைத்தான். நினைத்துக்கொண்டிருக்கும்போதே லாரி ஓரத்தில் நின்றிருந்தது, இன்ஜின் அணைந்திருந்தது, அவன் தொப்பியைக் கையில் பிடித்துச் சாலையில் நின்றிருந்தான்.

ஒன்பது வருஷத்தில் அந்தக் காருக்குள் அவன் ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்த்ததில்லை. இப்போது நிமிர்ந்தான். சிநேகமாக ஒரு சின்ன ஹார்ன் சத்தம் கேட்டதுதான் காரணம். துரையின் டிரைவர் கார்த்திகேசு ஜன்னலில் கையை வைத்துக்கொண்டு, நம் ஊர்க்காரன் என்ற சந்தோஷத்தில் சிரித்துக் கையாட்டியபடி போனான். பின் சீட்டில் யாரும் இல்லை. மடித்த ஒரு செய்தித்தாள் கிடந்தது.

ராமதாஸ் ஹேண்டிலுக்கு ஓடினான். சுற்றினான். கொதித்துக்கொண்டிருந்த இன்ஜின் இருமியதே தவிரப் பிடிக்கவில்லை. மறுபடியும் சுற்றினான். அடிபட்ட மணிக்கட்டு வீங்கியிருந்தது. ஏழு, எட்டு, ஒன்பது. கதவு திறக்கும் சத்தம் கேட்டு நிமிர்ந்தபோது நல்லம்மாள் இறங்கிவிட்டிருந்தாள்.

“இரு தங்கச்சி, இப்பப் பிடிச்சிடும்.”

“நீ நில்லு அண்ணே. நான் போறேன்.”

அவள் மூட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு மணிக்கூண்டைப் பார்த்து நடக்கத் தொடங்கினாள். நடை ஓட்டமாயிற்று. எதிரே ஒரு துரை கார் வந்தது. அவள் முக்காட்டையும் இழுக்கவில்லை, ஒதுங்கவும் இல்லை. காரே அவளைச் சுற்றிக்கொண்டு போயிற்று. ஐம்பது கஜத்தில் அவள் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்று மூச்சு வாங்கினாள். மறுபடி ஓடினாள்.

தோட்டத்து லாரியை நடுத்தெருவில் விட்டுப் போகக் கூடாது. ராமதாஸ் இன்னும் மூன்று தடவை ஹேண்டிலைச் சுற்றினான். பிறகு அதை அப்படியே தொங்கவிட்டு அவள் பின்னால் ஓடினான். மணிக்கூண்டுக்குச் சிறிது முன்னால் அவளை எட்டிப் பிடித்து மூட்டையை வாங்கிக்கொண்டான். அவள் உடம்பின் சூடு மூட்டைத் துணியில் தெரிந்தது. இருவரும் துறை வாசலுக்குள் நுழையும்போது தலைக்கு மேலே மணி அடிக்கத் தொடங்கியது.

டிப்போ கிராணி பட்டியலை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். ஏணியை ஐந்து நிமிஷத்துக்கு முன்பே எடுத்துவிட்டார்கள் என்றார். காகிதத்தை வாங்கிப் பார்த்தார். பட்டியலை மறுபடி பிரித்து, நல்லம்மாள் என்ற பெயருக்கு எதிரே ‘வரவில்லை’ என்று தாம் எழுதியிருந்ததைக் காட்டினார். கப்பல் துறையை விட்டு விலகிக்கொண்டிருந்தது. மேல்தட்டின் கம்பிகளில் ஆட்கள் நெருக்கியடித்து நின்றார்கள். அத்தனை பேரில் வேலு எங்கே, பவுன் எங்கே என்று கண்டுபிடிக்க முடியவில்லை. நல்லம்மாள் யாரையும் கூப்பிடவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். முகங்கள் சிறிதாகிக்கொண்டே போயின.

ராமதாஸ் அவளிடம் ஏதோ சொல்ல நினைத்தான். மன்னிப்பு என்று சொல்வதா, கார் காலியாக இருந்தது என்று சொல்வதா என்று தெரியவில்லை. மூட்டையை அவள் காலடியில் வைத்தான்.

டிப்போ கிராணி அவளைத் திரும்ப டிப்போவுக்குக் கூட்டிப் போனார். லாரியை இரண்டு கூலிகள் தள்ளிக் கிளப்பினார்கள். அன்று மாலை கடைசி ஃபெரியில் ராமதாஸ் அக்கரைக்குப் போனான். சந்தியில் சாலையை மறித்ததற்கான சம்மன் எட்டு நாள் கழித்துத் தோட்டத்துக்கு வந்தது. அதில் அவன் குற்றத்தை ஒப்புக்கொண்டான். நல்லம்மாள் செப்டம்பர் 17-ஆம் தேதிக் கப்பலில் தனியாக ஏற்றப்பட்டாள்.